நெருப்புக்கு ஓர் இடம்

நுழையும்முன்

விறகடுப்பு எரிந்த காலத்தில், கண்ணைக் கரிக்கும் புகையே நமக்கு ஆசிரியராக இருந்தது. "இங்கே நெருப்பை மூட்டாதே, வெளியே கொண்டு செல்" என்று அது சொல்லாமல் சொன்னது. எரிவாயு வந்தபின் புகை மறைந்தது; அதனுடன் அந்த எச்சரிக்கையும் மறைந்தது. ஆயினும் நெருப்பின் இயல்பு மாறவில்லை. எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கலனை வீட்டில் எங்கே பொருத்துவது, எங்கே பொருத்தக்கூடாது என்பதையும், அவற்றுக்கான அறிவியல் காரணங்களையும் விளக்குகிறது இக்கட்டுரை.

கொல்லைப்புறத்து வெந்நீர்

சென்ற தலைமுறையினரின் வீடுகளில் வெந்நீர் அடுப்பு பெரும்பாலும் கொல்லைப்புறத்திலேயே இருந்தது. மூன்று கற்களைக் கூட்டி, அவற்றின்மேல் செம்புத் தவலையை ஏற்றி, தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும் இட்டு எரித்தனர். வசதி படைத்தோர் வீடுகளில் 'பாய்லர்' என வழங்கிய செப்புக் கலன் இருந்தது. நடுவில் நெருப்பு எரியும் குழாயும் அதனைச் சூழ்ந்து நீரும் கொண்ட அக்கலனைத் தாழ்வாரத்திலோ முற்றத்தின் ஓரத்திலோ வைத்தனர். நீர் காய்ந்ததும் அதனை வாளியில் சுமந்து குளியலறைக்குக் கொண்டு சென்றனர். சுமப்பது கடினமாக இருந்தாலும், நெருப்பைக் கதவடைத்த அறைக்குள் கொண்டு செல்லும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. புகை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

இன்று கொல்லைப்புறம் இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. 'கேஸ் கீசர்' என்று மக்கள் வழங்கும் எரிவாயு வெந்நீர்க் கலன், பள்ளிப் பை அளவே உள்ள ஒரு பெட்டி. சுவரில் மாட்டி, நீர்க்குழாயையும் எரிவாயுக் குழாயையும் இணைத்துவிட்டால் போதும். குழாயைத் திறந்த சில நொடிகளில் வெந்நீர் வரும். மின்சாரச் செலவு குறைவு, காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வளவு நன்மைகள் உள்ள கருவியை, வெந்நீர் தேவைப்படும் இடத்திலேயே, அதாவது குளியலறைச் சுவரிலேயே மாட்டிவிடலாம் எனப் பலரும் எண்ணுகின்றனர். இடர் தொடங்குவது அங்கேதான்.

மார்கழி மாதத்துக் காலைப் பொழுது ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். குளிருக்கு அஞ்சிக் குளியலறையின் சிறு சாளரமும் அடைக்கப்பட்டிருக்கிறது. அண்ணன் குளித்துவிட்டு வருகிறான். கதவு மூடும் முன்பே தங்கை உள்ளே செல்கிறாள். நெடுநேரம் ஆகிறது. கதவைத் தட்டினால் மறுமொழி இல்லை. குளிர்காலம்தோறும் நம் நாட்டின் பல ஊர்களிலிருந்து இத்தகைய துயரச் செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. அவற்றில் வெடிச்சத்தமோ தீயோ இராது. வெளியில் இருந்தவர்களுக்கு ஓர் அலறல்கூடக் கேட்டிருக்காது. அவ்வாறு நேர்வது ஏன்?

நெருப்பு எவ்வளவு காற்றை உண்கிறது?

எரிதலுக்கு எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் தேவை என்பதை முந்தைய வகுப்புகளில் கற்றிருக்கிறீர்கள். வீட்டு எரிவாயு உருளையில் உள்ள திரவப் பெட்ரோலிய வாயு, புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவையாகும். இது எரிய எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறிய கலன் நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுவதாகக் கொள்வோம். இதற்கு ஏறத்தாழ 630 கிலோஜூல் வெப்பம் தேவை. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 16 கிராம் எரிவாயு எரிய வேண்டும். அந்த 16 கிராம் எரிவாயு முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 200 லிட்டர் காற்று தேவைப்படும். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றையே உள்ளிழுக்கிறார். ஆகவே, இக்கலனை எரியவிட்டுக் கதவடைத்துக் குளிப்பது, குறைந்தது இருபத்தைந்து பேரை உடன் நிறுத்திக்கொண்டு குளிப்பதற்கு ஒப்பாகும்.

குளியலறையின் அளவையும் பார்ப்போம். 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 280 கன அடி. அதாவது ஏறத்தாழ 8000 லிட்டர். வெளிக்காற்று சிறிதும் உள்ளே வராத நிலையில், இருபது நிமிடங்களில் அவ்வறையின் காற்றில் பாதியளவிலுள்ள ஆக்சிஜனை நெருப்பே உண்டுவிடும். அதே நேரத்தில் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் அறையை நிரப்பும். பல கலன்களில் குறித்த நேரம் கடந்ததும் தானாக அணையும் அமைப்பு உண்டு. ஆனால், அண்ணனுக்கு அணைந்த கலன் தங்கைக்காக மீண்டும் எரிகிறது. அறையிலோ பழைய காற்றே நிற்கிறது.

காட்சிக்கு எட்டாத நஞ்சு

போதிய ஆக்சிஜன் கிடைக்கும்போது எரிவாயு நீலச் சுடருடன் எரிந்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகிறது. சுடர் மஞ்சள் நிறம் கொள்கிறது. அப்போது தோன்றுவது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, அது கண்ணைக் கரிப்பதும் இல்லை.

நம் குருதியில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பிணைப்பாற்றலுடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பேருந்தின் இருக்கைகளை எல்லாம் இறங்காத பயணிகள் பிடித்துக்கொண்டால், ஏற வேண்டியவர் நிலையத்திலேயே நின்றுவிடுவார் அல்லவா? அதுபோல ஆக்சிஜன் உடலெங்கும் செல்ல இயலாமல் போகிறது. மூளையும் இதயமும் முதலில் பாதிக்கப்படுகின்றன.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால்கள் தளர்தல், தெளிவின்மை என இதன் அறிகுறிகள் வரிசையாக வருகின்றன. வெந்நீரில் நின்றதால் ஏற்பட்ட களைப்பு என்றே குளிப்பவர் கருதுவார். ஆபத்தை உணரும் வேளையில் தாழ்ப்பாளைத் திறக்கும் வலிமை கைகளுக்கு இராது. வெளியில் இருப்போருக்கு ஒலி எதுவும் கேட்காததன் காரணம் இதுவே. கோடைக்கானல், உதகை போன்ற மலையூர்களில் குளிர்காய்வதற்காக மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியோர் உயிரிழப்பதற்கும் காரணம் இதே வாயுதான்.

தெரிந்து தெளிவோம்

'கீசர்' என்னும் சொல் ஐஸ்லாந்து நாட்டிலிருந்து வந்தது. அங்குள்ள 'கெய்சிர்' என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரே, வெந்நீரைப் பீறிட்டு எழச்செய்யும் ஊற்றுகளுக்குப் பொதுப்பெயராயிற்று. 1868ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன், எரிவாயுவால் நீரைச் சூடேற்றும் கலன் ஒன்றை உருவாக்கி அதற்கு இப்பெயரையே சூட்டினார். அக்கலனில் எரிந்த வாயுவை வெளியேற்றும் புகைக்குழாய் இல்லை.

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று 'காலதர்'. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர்.

மூவகைக் கலன்கள்

இடத்தைத் தேர்வதற்குமுன், கலனின் வகையை அறிதல் வேண்டும். காற்றை எங்கிருந்து எடுக்கிறது, எரிந்த வாயுவை எங்கே விடுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கான விடைகளைக் கொண்டு இவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வகை, புகைக்குழாய் இல்லாதது. இது அறையின் காற்றை எடுத்துக்கொண்டு, எரிந்த வாயுவையும் அறைக்குள்ளேயே விடுகிறது. நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சிறிய கலன்களுள் பெரும்பாலானவை இவ்வகையின.

இரண்டாம் வகை, புகைக்குழாய் உடையது. இது அறையின் காற்றை எடுத்துக்கொண்டு, எரிந்த வாயுவைக் குழாய் வழியாக வெளியே அனுப்புகிறது. அறைக்குள் புதிய காற்று வரும் வழி இல்லையெனில் இதுவும் இடர் தரும்.

மூன்றாம் வகை, அறைக்காற்றோடு தொடர்பற்றது. இதன் எரியறை முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்து, எரிந்த வாயுவையும் வெளியிலேயே விடும். குளிர்நாடான இங்கிலாந்தில் வீடுதோறும் உள்ள எரிவாயுக் கொதிகலன்கள் இன்று இவ்வகையினவாகவே பொருத்தப்படுகின்றன. அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், இந்த மூன்றாம் வகையைத் தவிர வேறெதனையும் குளியலறையில் பொருத்தக்கூடாது எனத் தடுக்கின்றன.

இடத்தைத் தேர்தல்

ஒரு வீட்டில் கலனைப் பொருத்த மூன்று இடங்கள் இருப்பதாகக் கொள்வோம்: குளியலறை, சமையலறை, சமையலறையை அடுத்த திறந்த பின்கட்டு.

குளியலறை மூன்றினுள் சிறியது, தாழிடப்படுவது, குளிர்காலத்தில் சாளரமும் அடைக்கப்படுவது. ஆகவே, முதல் வகைக் கலனுக்கு அது முற்றிலும் தகாத இடம். "காற்றை வெளியேற்றும் மின்விசிறி இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். உள்ளே காற்று வரும் வழி இல்லாதபோது விசிறியால் வெளியேற்றக்கூடிய காற்று மிகக் குறைவு. புகைக்குழாய் உள்ள கலனாயின், விசிறியின் இழுவிசை எரிந்த வாயுவைக் குழாய் வழியே அறைக்குள் திரும்ப இழுத்துவிடவும் கூடும். எனவே, விசிறி சாளரத்திற்கு ஈடாகாது.

சமையலறை குளியலறையைவிடப் பெரியது, தாழிடப்படுவதில்லை. எனினும் அங்கே ஏற்கெனவே ஓர் அடுப்பு காற்றை உண்கிறது. மழைக்காலத்திலும் மூடாத காற்றுவழிகளும், வெளிச்சுவரைக் கடந்து செல்லும் புகைக்குழாயும் இருந்தாலன்றி அவ்விடமும் ஏற்றதன்று.

திறந்த பின்கட்டு அல்லது காற்றோட்டமுள்ள வெளித் தாழ்வாரமே மூன்றினுள் சிறந்தது. அங்கே கலனை மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாகக் குளியலறைக்குக் கொண்டு வரலாம். "குழாய் நீண்டால் நீர் வீணாகுமே" என்னும் தயக்கம் எழக்கூடும். அதனையும் கணக்கிடுவோம். 6 மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் தங்கும் நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர். நிமிடத்திற்கு 6 லிட்டர் வீதம் நீர் வரும்போது, அது வெளியேற ஏறத்தாழ பத்து நொடிகள் ஆகும். அந்த ஒரு லிட்டரையும் வாளியில் பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆக, குளியலறைக்குள் கலனை மாட்டுவதால் நாம் பெறும் ஆதாயம் பத்து நொடிகள் மட்டுமே. அதற்காக நாம் பணயம் வைப்பது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிடம் என்று முடிவு செய்தபின்னும் கருத வேண்டியவை சில உள்ளன. எரிந்த வாயு படுக்கையறைச் சாளரம் வழியாகவோ அண்டை வீட்டுச் சாளரம் வழியாகவோ உள்ளே புகாத இடமாக அது இருத்தல் வேண்டும். அடுக்குமாடிகளில் நாற்புறமும் சுவர் சூழ்ந்த குறுகிய காற்றுக்கூடம் வெளியிடம் போலத் தோன்றினும் அது வெளியிடமன்று. அங்கு விடப்படும் வாயு மேல்தளத்தாரின் சாளரங்களை அடையும். மழை நேரடியாகப் படாதவாறு மேற்கூரை வேண்டும். ஆனால், மழைக்கு அஞ்சி நாற்புறமும் பலகை அடைத்துவிட்டால் வெளியிடமும் அறையாகிவிடும். பலத்த காற்று சுடரை அணைக்கக்கூடும். அவ்வேளையில் எரிவாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு கலனில் உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும். துணி உலர்த்தும் கொடி, திரைச்சீலை, மின்பொத்தான் பலகை ஆகியவற்றிலிருந்து, கையேட்டில் குறித்துள்ள இடைவெளி விட்டு, சுடரின் நிறத்தைக் கண்ணால் காணத்தக்க உயரத்தில் கலனை மாட்டுதல் நன்று.

இத்தகைய இடம் வீட்டில் இல்லையெனில் என் செய்வது? எரிவாயுக் கலனே வேண்டா என முடிவு செய்து, மின்கலனையோ சூரிய வெப்பக் கலனையோ நாடலாம். பொருத்தாமல் விடுவதும் ஒரு பாதுகாப்பான முடிவே.

உருளையின் இடம்

கலனுக்கு இடம் தேர்ந்தபின் உருளைக்கும் இடம் தேர வேண்டும். 14.2 கிலோகிராம் எரிவாயு உள்ள வீட்டு உருளையில், வாயு அழுத்தத்தால் திரவ நிலையில் அடைபட்டுள்ளது. வெளியேறும்போது அது ஏறத்தாழ 250 மடங்காக விரிகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். இயல்பில் மணமற்ற அவ்வாயுவில், கசிவை உணர்த்துவதற்காகவே துர்நாற்றமுடைய எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது.

இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு எடையுடையது. கசிந்தால் மேலே எழாது. நீரைப்போலத் தரையில் பரவிப் பள்ளத்தை நாடும். எனவே, உருளையை நிலத்தடி அறையிலோ குழியிலோ சாக்கடைத் திறப்பின் அருகிலோ வைக்கக்கூடாது. குளியலறைக்குள்ளும் வைக்கக்கூடாது. தரை மட்டத்தில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்ந்த நிலையில் வைத்தல் வேண்டும். சாய்த்தோ படுக்கவைத்தோ பயன்படுத்தினால், வாயுவுக்கு மாற்றாகத் திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

இங்கு ஒரு வேறுபாட்டை உளங்கொள்ள வேண்டும். கசியும் எரிவாயு தாழ்வை நாடுகிறது. எரிந்த வெப்ப வாயு மேலே எழுகிறது. ஆகவே, எரிவாயு பயன்படும் அறைக்குத் தரையை ஒட்டி ஒரு திறப்பும், கூரையை ஒட்டி ஒரு திறப்பும் தேவை. ஒன்று இருந்தால் போதும் என எண்ணுதல் பிழை. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட எடை குறைந்தது. அது கசிந்தால் மேலே எழும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

குழாய் இணைப்புகளைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும். கசிவு உள்ளதா என்பதைச் சோப்பு நுரையைத் தடவி, குமிழி எழுகிறதா எனப் பார்த்தே அறிய வேண்டும்; தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது பேதைமை.

ஏற்கெனவே பொருத்தியிருந்தால்

வாடகை வீட்டில் குடியேறும்போது, குளியலறைக்குள் ஏற்கெனவே கலன் மாட்டப்பட்டிருக்கலாம். அதனை வெளியே மாற்றும்படி உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றும் வரை ஒரு வழக்கத்தை வீட்டார் அனைவரும் உறுதியாகப் பின்பற்றலாம். கதவையும் சாளரத்தையும் நன்கு திறந்துவைத்து, வாளியில் வெந்நீரைப் பிடித்து, கலனையும் எரிவாயுவையும் நிறுத்தி, அறையின் காற்று மாறிய பிறகே உள்ளே சென்று கதவடைக்க வேண்டும். கலன் எரியும்போது அறைக்குள் எவரும் இருத்தல் கூடாது. இதுவும் தற்காலிக ஏற்பாடே, நிலையான தீர்வன்று.

இடர் நேர்ந்தால்

எரிவாயு மணம் வீசினால், மின்பொத்தான்களைப் போடவோ அணைக்கவோ கூடாது. உருளையின் ரெகுலேட்டரை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, அனைவரும் வெளியேறி, அங்கிருந்து 1906 என்னும் எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

குளிக்கச் சென்றவரிடமிருந்து மறுமொழி இல்லையெனில், தயங்காமல் கதவைத் திறக்க வேண்டும். தேவையெனில் உடைக்க வேண்டும். மீட்பவர் உள்ளே நின்று முதலுதவி செய்ய முற்பட்டால் அவரும் மயங்கக்கூடும். ஆகவே, மயங்கியவரை முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108 எண்ணை அழைக்க வேண்டும். குளியலறையில் எரிவாயுக் கலன் எரிந்தது என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு காணும் எளிய கருவி, கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பற்றியதாகவே காட்டிவிடும்; அதன் எண்ணை மட்டும் நம்பி அமைதியடைதல் கூடாது. தாமதமின்றி அளிக்கப்படும் ஆக்சிஜன் மருத்துவமே உயிர் காப்பது.

வீட்டில் கருவி வாங்கும்போது விலையையும் நிறத்தையும் பற்றிப் பேசுகிறோம். அது எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பொருத்த வருபவரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறோம். அவர் குழாய்க்கு அருகிலுள்ள சுவரைக் காட்டுவார், நாமும் தலையசைப்போம். அந்நேரத்தில், "காற்று எந்த வழியாக வரும்? எரிந்த வாயு எந்த வழியாகப் போகும்?" என்னும் இரண்டு வினாக்களை ஒருவர் கேட்டாலே போதும். அவ்வாறு கேட்பவர் வீட்டின் பெரியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். இதனைக் கற்றபின், அது உங்கள் பொறுப்பும் ஆகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுக் குளியலறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, அதன் காற்றுக் கொள்ளளவை லிட்டரில் கணக்கிடுக.

2. உங்கள் வீட்டின் வரைபடத்தை வரைந்து, எரிவாயு உருளை வைக்கும் இடத்தையும் காற்று வரும், வெளியேறும் வழிகளையும் குறித்து, அவ்விடம் ஏற்றதா எனக் காரணங்களுடன் எழுதுக.

3. குளியலறைக்குள் உள்ள எரிவாயுக் கலனை வெளியே மாற்றித் தருமாறு வீட்டு உரிமையாளருக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதுக.